பாரனின் பிடரி

பாரனை ஒழித்துக்கட்டிவிடுவது என்று ஓடில் ஒருவழியாக முடிவெடுத்தார்.

பாரன் அவர் மனைவி லியோன்டினின் நாய். குட்டிச் சிங்க நாய் என்கிற அரிய ஜாதி. முன்பாதியில் பிடரி, பின்பாதி மழமழவென்று மொட்டை, வால் நுனியில் ஒரு குஞ்சம். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் குளிருக்கு அந்த மொட்டைப் பாதியில்தான் பாதத்தை வைத்துச் சூடேற்றிக்கொள்வார்களாம். உலகப் போருக்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சி, மறுபடி பெருகிய வம்சம். தபால்காரர் முதல் பால்காரர் வரை லியோன்டினிடம் இந்த வரலாற்றைக் கேட்காதவர் ஆல்ஸ்ட் நகரத்திலேயே கிடையாது.

"ஐந்நூறு வருஷத்து அரண்மனை ரத்தம், ஓடில். கட்டில்ல அதுக்கும் ஒரு பங்கு வேணாமா?"

பங்கு என்ன பங்கு? கட்டில் முழுக்க அதற்கு. ஓடிலுக்குக் கூடத்து சோபா.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் பாரன் அவருடைய செல்லம்தான். அவர் மரச்செருப்புக்குள் தூங்கி வளர்ந்த குட்டி. இரண்டு வருஷத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஆசை ஆசையாக வீடு திரும்பியவர், "டேய் பாரா!" என்று குனிந்தார். கட்டைவிரலைக் கவ்விவிட்டது.

"ஆஸ்பத்திரி வாசனை. அதான் ஆள் தெரியல" என்று லியோன்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசனை போய்விட்டது, கடி போகவில்லை. படுக்கையறை வாசலில் கால் வைத்தாலே உறுமல். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எந்த மனிதனுக்குத்தான் வலிக்காது? ஓடிலுக்கு வலித்தது. முதுகும் வலித்தது. சோபா அப்படி.

கால்வாய்ப் படகுக்காரன் ஒருவனிடம் ஒரு பெட்டி பீர் கொடுத்து, அதே நிறத்தில் ஒரு தெருநாயை வாங்கினார். புறாக்கூண்டில் ஒளித்துவைத்தார். வருடாந்தர நாய்க் கண்காட்சி அன்று காலை, லியோன்டின் தலையலங்காரத்துக்குப் போன நேரம் பார்த்துச் சவரக்கத்தியைத் தீட்டினார். படகு நாய்க்குப் பின்பாதி மொட்டை, வாலுக்குக் குஞ்சம். நடுவில் இருப்பது எந்த நாய் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

நடுவர் வான் ஹெக்கே பார்ப்பார். வாலின் வளைவு காப்பிக் கோப்பையின் கைப்பிடி மாதிரி இல்லை என்று சொந்தத் தம்பியின் நாயையே வெளியே தள்ளியவர் அவர். "இது தெருநாய்" என்று அத்தனை பேர் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லியோன்டினுக்கு நாய்ப் பித்து தெளிந்துவிடும். கட்டில் திரும்பிவிடும்.

படகு நாயைப் பாரனின் கூடையில் அடைத்துவிட்டு, பாரனைப் பக்கத்து ஊர் நாய்க் காப்பகத்தின் வாசற்கம்பியில் கட்டினார். போகும்போதும் ஒரு கடி கொடுத்துத்தான் அது அவரை வழியனுப்பியது.

கண்காட்சி அரங்கில் லியோன்டின் கூடையைத் திறந்தார். முகம் வெளுத்தது. நாயைப் பார்த்தார். ஓடிலைப் பார்த்தார். இதோ கத்தப்போகிறாள் என்று ஓடில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தச் சீப்பை எடு" என்றார் லியோன்டின். அவ்வளவுதான்.

வான் ஹெக்கே வந்தார். பல்லைப் பார்த்தார், விலாவைத் தடவினார், வாலைத் தூக்கினார். படகு நாய் அவர் முகத்துக்கு நேரே நிதானமாகக் கொட்டாவி விட்டது.

"அடடா!" என்றார் நடுவர், கண்கலங்கி. "இந்த அலட்சியத்தைப் பாருங்கய்யா! இது ரத்தத்துல வர்றது. காசு கொடுத்தா கிடைக்குமா?"

ஒரு பெட்டி பீர் கொடுத்தால் கிடைக்கும் என்ற பதில் ஓடிலுக்குத் தொண்டை வரை வந்தது.

வெள்ளிக் கோப்பை வீட்டுக்கு வந்தது. படகு நாய் கட்டிலுக்குப் போனது. அதற்குக் குறட்டை வேறு. லியோன்டின் கோப்பையை அலமாரியில் வைத்ததோடு சரி. தபால்காரர் வாழ்த்துச் சொன்னபோதுகூட சீமாட்டிகள் கதையை எடுக்கவில்லை. ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்க்கப் பார்க்க ஓடிலுக்கு நெஞ்சு கனத்தது. பழைய மரச்செருப்பு கண்ணில் பட்டபோது அழுகையே வந்துவிட்டது. கடித்தாலும் அது அவருடைய பாரன் இல்லையா? கேவலம் ஒரு கட்டிலுக்காகப் பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்ட மாதிரி விட்டுவிட்டு வந்திருக்கிறாரே!

வேனை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினார். காப்பாளர் ஒரு நாயை அழைத்துவந்தார். ஓடிலைக் கண்டதும் அது உறுமியது.

"இதேதான்! எங்க பாரன்!" ஓடில் தழுதழுத்தபடி விரலை நீட்டினார். "கடிச்சுக்கோடா, ராசா!"

காப்பாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குனிந்து, நாயின் பிடரியை ஒதுக்கிக் கிழிந்த காது ஒன்றைக் காட்டினார்.

"பாரனா? இது எங்க மோப்பி ஐயா, இங்கேயே பொறந்து வளர்ந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"எந்த அம்மா?"

"பேரு ஞாபகமில்ல. பாவம், ஒரே அழுகை. 'வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கார், அவர் உயிரையே வெச்சிருந்த நாய் செத்துப்போச்சு, தெரிஞ்சா தாங்கமாட்டார். அவர் வர்றதுக்குள்ள இதுக்கு மொட்டையடிச்சுச் சிங்கமாக்கிடணும்'னு சொன்னாங்க."