அடங்காத கிருமி

கலியன் வீசிய இரும்பு ஸ்டூல் பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடித் தடுப்பை நொறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. சில்லு ஒன்று அங்கே சோதனை செய்துகொண்டிருந்த ரோஹிணியின் கன்னத்தைக் கிழித்தது. அவள் கன்னத்தைப் பொத்துவதற்குள் அவன் உள்ளே வந்து அவள் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

"மறுபடியும் கிருமி இருக்குன்னு எழுதியிருக்க. எவன்டி உனக்குப் படிப்பு சொல்லிக் குடுத்தது?"

தடுக்க வந்த காவலாளி கேஷவின் மூக்கில் கலியனின் நெற்றி மோதியது. கேஷவ் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

தேஹு ரோடு கிடங்கில் பெட்டி சுமந்த உடம்பு கலியனுடையது. வலது நுரையீரலில் ஒரு பகுதி அழுகிவிட்டது. அதை வெட்டி எடுத்தால் பழைய ஆளாகிவிடுவான் என்று இந்தப் புனே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் மூச்சுக்குழாயில் கிருமி இருக்கும்போது கத்தி வைத்தால், அறுத்த இடம் சீழ் பிடித்து ஆளையே முடித்துவிடும். அதனால் முதலில் கிருமியைக் கொல்லும் மாத்திரை, பிறகு சோதனை, அதன் பிறகுதான் ஆபரேஷன்.

மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீர் ஒவ்வொரு முறையும் ரோஹிணியிடம்தான் வந்தது. தட்டில் வளர்த்துப் பார்த்தாள், அதே கிருமி. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. அந்த மாத்திரையை எதிர்த்து நிற்கும் தெம்பு கிருமிக்கு இல்லை என்பதிலும் இரண்டு சோதனைகளும் ஒத்துப்போயின. செத்திருக்க வேண்டிய கிருமி சாகவில்லை.

புட்டி மாறிவிட்டதோ, தன் கைதான் சுத்தமில்லையோ என்று ரோஹிணி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்திருந்தாள். இன்னொரு தடவை இப்படிக் குழப்பினால் வேறு வேலை தேடிக்கொள் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

கலியனின் பிடி இறுகியது. ரோஹிணிக்குக் கண் இருட்டியது. அப்போது அவன் மனைவி பார்வதி ஓடிவந்து அவன் விரல்களைப் பிடித்துப் பிரித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். சத்தம் கேட்டுக் கூடியவர்கள் பதறிப் பின்வாங்கினார்கள். பார்வதி மட்டும் நகராமல் அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.

அடி விழவில்லை. அவ்வளவுதான் அவனுக்கு மூச்சு. இருமல் உலுக்கியெடுக்க, சுவரோடு சரிந்தான். ஆக்சிஜன் வைத்துச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வாயில் வழிந்த சளியைப் பார்வதி முந்தானையால் துடைத்துக்கொண்டே கூடப் போனாள்.

கேஷவ் போலீஸுக்குச் சொல்ல எழுந்தான். ரோஹிணி வேண்டாம் என்றாள். தப்பு தன்னுடையதாக இருந்தால் எந்த முகத்தோடு புகார் கொடுப்பது? வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதாக டாக்டரிடம் பார்வதி சத்தியம் செய்தது அவளுக்கு நினைவு வந்தது. அவ்வளவு பாடுபட்டவளுக்குத் தன்னால்தானே இந்த நிலைமை.

கொஞ்ச நேரத்தில் பார்வதி திரும்பி வந்தாள். ஈரத்துணியால் ரோஹிணியின் கன்னத்து ரத்தத்தை ஒற்றி எடுத்தாள்.

"ஸாரி ஆன்ட்டி," என்றாள் ரோஹிணி, புனேயிலேயே வளர்ந்தவளின் தடுமாறும் தமிழில். "என் டெஸ்ட்லதான் ஏதோ கல்தி, தப்பு. நான் இந்த ஜாப் விட்டுடறேன். நீங்க வேற லேப்ல பண்ணுங்க, அங்கிளுக்கு ஆபரேஷன் ஆயிடும்."

பார்வதியின் கை நின்றது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் டெஸ்ட்ல ஒரு தப்பும் இல்லம்மா. நான் அவருக்குக் குடுக்கறது வெறும் சத்து மாத்திரை. மூச்சு திரும்பிடுச்சுன்னா, என்னை அடிச்ச அந்தக் கையும் திரும்பிடும்."