அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

ஜெனிவா, 2019 மார்ச் 14, பிற்பகல். மனித உரிமைத் தீர்மானம் ஒன்றின் வரைவை நாடுகளின் பிரதிநிதிகள் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரி மட்டும் இன்னும் முடிவாகாமல் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது: சிறையிலுள்ள பத்திரிகையாளர்களைக் குடும்பத்தார் பார்க்க அனுமதிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் அந்த வரி போய்விடும். பின்வரிசையில் ஈரக் குடையை மடியில் வைத்தபடி சமீரா அமர்ந்திருக்கிறாள். பத்திரிகையாளரான கணவர் கைதான நாளிலிருந்து அவரை அவள் பார்க்கவில்லை. அவரைச் சிறையில் வைத்திருக்கும் பெரிய நாட்டின் தூதர், கூட்டத்தை நடத்தும் கோஸ்டா ரிகாவின் ஸீனியாவின் காதருகே குனிகிறார்.

"அந்த வரியைச் சத்தமில்லாம எடுத்துடுங்க மேடம். ராணுவமே இல்லாத நாடு, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"ராணுவம் இல்லாததாலதான் சார் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்குது," என்று ஸீனியா சிரிக்கிறார். "வேண்டாம்னா மைக்குல சொல்லுங்க. பின்னாடி அந்தம்மா இருக்காங்க, அவங்களும் கேக்கட்டும்."

தூதர் திரும்பிப் பார்க்கிறார். சமீரா பார்வையை விலக்கவில்லை. அவர் தன் இருக்கைக்குப் போய் அமர்கிறார்.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று ஸீனியா ஒலிபெருக்கியில் கேட்கிறார்.

மேசைகளில் எந்த மைக்கின் சிவப்பு விளக்கும் எரியவில்லை. தூதர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். ஜன்னலில் மழை வழிகிறது. திரையில் அடைப்புக்குறிகள் மட்டும் அழிகின்றன; வரி அப்படியே நிற்கிறது. அடுத்த பத்தி வருகிறது.