அப்பா சொன்ன கதை

பூங்கோதைக்குத் தினமும் கதை சொல்வது அவள் அப்பா இசக்கியப்பனின் குரல். சொல்வது என்னவோ கட்டிலருகே இருந்த கதைப்பெட்டிதான். அவன் தன் குரலை ஒருமுறை பதிந்து கொடுத்ததோடு சரி; அந்தக் குரலில் புதுப்புதுக் கதைகளைப் பெட்டியே கட்டிச் சொல்லும். அவள் உம் கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

பள்ளியில் பெற்றோர் நேரில் வந்து கதை சொல்லும் நாள் வந்தது. பெட்டிகளுக்கு அனுமதி இல்லை. தன் அப்பாவைப் போல யாராலும் கதை சொல்ல முடியாது என்று பூங்கோதை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சு" என்று இசக்கியப்பன் தொடங்கினான். அந்த நரி எங்கே போனது, யாரைப் பார்த்தது, ஒன்றுமே அவன் வாயில் வரவில்லை. சட்டை வேர்வையில் நனைந்தது.

"அப்புறம்?" என்றது ஒரு பிள்ளை.



பூங்கோதை எழுந்து வந்தாள். "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு டீச்சர். அவங்க சொன்ன கதையை நான் சொல்லுதேன்."

நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல் என்று அவள் சொல்லச் சொல்ல வகுப்பே சிரித்தது. முடிந்ததும் பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கதையை அவன் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான்.

வீட்டுக்கு நடக்கையில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏம்மா, நான் நல்லாக் கதை சொல்லுவேன்னு எதுக்கு எல்லார்கிட்டயும் சொன்ன?"

"அப்படிச் சொன்னாலாவது, நீங்க ஒரு கதை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்ப்பா."