இரண்டு இரத்த அறிக்கைகள்

இரத்தம் எடுத்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. கண்டியில், ஆய்வுப் பிரிவின் சிறிய அறையில், அண்ணனும் அம்மாவும் நானும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். இருமுனை மனநோய் பற்றிய ஆய்வுக்கு அண்ணன் நோயாளியாகவும், நான் நோயில்லாத தங்கையாகவும் பெயர் கொடுத்திருக்கிறோம். மழை வெளிச்சத்தில் மேசை சாம்பல் நிறமாகத் தெரிகிறது. பாயிஸா டொக்டர் இரண்டு தாள்களை அதில் அருகருகே வைக்கிறார். "தம்பி, லிதியம் குளிசைய ஒழுங்காப் போடுறீங்களா?" "ஒரு நாளும் விட்டதில்ல டொக்டர். அம்மா இடிச்சு, தேன்ல கொழைச்சு ஊட்டுவாங்க. வாய மூடினா மூக்கப் புடிப்பாங்க." அண்ணன் சிரிக்கிறான். அப்படியும் இந்த வருடம் இரண்டு முறை வார்டில் கிடந்தவன். "அப்ப ஏன் இரத்தத்தில பாதி அளவுதான் ஈக்கிது?" டொக்டர் மற்றத் தாளை என் பக்கம் திருப்புகிறார். "தங்கச்சி, உங்கட இரத்தத்திலயும் லிதியம் ஈக்கிது."

நான் படித்தது இரசாயனம். மருந்து சாப்பிடாத உடம்பில் இந்த எண் வராது. மாதிரிக் குழாய்கள் மாறியிருக்குமோ என்று தாளில் பெயரைத் தேடுகிறேன். என் பெயர்தான். அண்ணனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்கிறது. அம்மாவின் மடியிலிருக்கும் குடையிலிருந்து நீர் அவர் பாதத்தில் சொட்டுகிறது. அவர் காலை நகர்த்தவில்லை.

"அவனுக்கு வந்தது இவளுக்கும் வந்துறக் கூடாதுல்ல, டொக்டரம்மா," என்கிறார் தரையைப் பார்த்து. "இவளுக்குக் கோப்பியில கலந்துருவேன். ரெண்டு வருசமா ஆளுக்குப் பாதிதான் குடுக்கிறேன்."