பக்கத்து வீட்டுப் பேண்டு

"அலமு, அந்த பேண்டுச் சத்தம் இப்பவே நிக்கணும். ஊர் அதிகாரிக்குப் போனைப் போடு!" என்று உள்ளூர் பாஷை தெரிந்த தன் உதவியாளரிடம் குதித்தார் ஆதப்பன்.

சைகோன் நகரை ஒட்டிய கு சி என்ற ஊரில் அவர் நடத்தும் 'கிராமத்து ஞாயிறு' சுற்றுலாவுக்கு அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் நகரத்தின் பூ மி ஹங் பகுதி அடுக்குமாடிவாசிகள். எருமையைத் தொட்டுப் பார்க்கவும் நாற்று நடவும் ஆசைப்பட்டு வந்தவர்கள். பக்கத்து வீட்டிலோ விடிந்ததிலிருந்து டிரம்பெட், டிரம், மைக்கில் பாட்டு. வாசலை அடைத்துப் பந்தல் வேறு! பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு, "கிளம்பலாம்" என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இவுக கோவிச்சுக்கிட்டுப் போனாகன்னா அடுத்த வாரம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. கடையைக் கட்ட வேண்டியதுதான்."

"சார், முதல்ல நான் ஒரு எட்டு போய் என்ன விசேஷம்னு பார்த்துட்டு வரேனே."

"என்ன பெரிய விசேஷம்? கல்யாணமா இருக்கும். போன ஞாயிறு நீ லீவு, உனக்குத் தெரியாது. அஞ்சு பஸ் கூட்டத்துக்கு முன்னாடி அந்த வீட்டுப் பொம்பளை என் மானத்தை வாங்கிட்டா!"

நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் அறுவடைப் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தபோது, அவள் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். கத்தினாள். அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். அந்த நாட்டுக்கு வந்து ஆறே மாதமான ஆதப்பனுக்கு அவள் பாஷை புரியவில்லை. புரிந்தாலும் அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? 'சரி சரி, குறைக்கிறோம்' என்று தமிழிலேயே சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, கேட்டைச் சாத்தினார். சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

"நமக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா? போனைப் போடு."

அலமு போட்டாள். வந்த அதிகாரியோடு அவளும் போனாள். கால் மணி நேரத்தில் பேண்டு பட்டென்று நின்றது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆதப்பன் உச்சி குளிர்ந்துபோய் எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார்.

அலமு வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"என்ன, கல்யாணச் சாப்பாடு பலமோ?"

"சாவு வீடு சார். இங்கே சாவுக்கும் பேண்டு வைச்சுத்தான் வழியனுப்புவாங்க. அந்தம்மாவோட வீட்டுக்காரர். ஒரு வாரமா ஆஸ்பத்திரில கிடந்து நேத்து போயிட்டாராம்."

ஆதப்பனுக்குச் சுருக்கென்றது. "அடப் பாவமே! யாராச்சும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னாங்களாம் சார். போன ஞாயிறு அவங்க ஓடிவந்தது சத்தத்துக்காக இல்லையாம். சந்துல வழியை மறிச்சு நின்ன நம்ம பஸ்ஸை எடுங்க, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியலைன்னு சொல்றதுக்காம்."