திங்கட்கிழமை மனு

கலெக்டர் ஆபீசில் பயிற்சிக்கு வந்த அரசியல் அறிவியல் மாணவி யாழரசிக்கு ஒரே வேலைதான். மனுவைப் பார்த்த நொடியில் இயந்திரம் தரும் பதிலை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

அந்தத் திங்களும் அஞ்சம்மாள் வந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைத் தேடச் சொல்லும் அதே மனு. 'உயிருடன் இருக்க வாய்ப்பில்லை' என்று திரையில் அதே பதில்.

யாழரசி வாசிக்க வாயெடுத்ததும் அஞ்சம்மாள் கையமர்த்தினாள்.

"அது தெரியும் பாப்பா. இந்த மெசினு வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு ஆபீசர் இருந்தாரு. 'பாக்கலாம்மா, போயிட்டு வாங்க'ம்பாரு. அதக் கேட்டா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்கும்."

யாழரசி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"பாக்கலாம்மா. போயிட்டு வாங்க."

அஞ்சம்மாளின் முகம் மலர்ந்தது. "அடுத்த திங்கக்கெழம வர்றேன், தாயி."

வெள்ளியோடு பயிற்சி முடிகிறது என்பதை யாழரசி சொல்லவில்லை.