இன்னும் ஒரு மணி நேரம்

"இன்னிக்கு மட்டும். இன்னும் ஒரே ஒரு மணி நேரம். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

டீச்சர் கெஞ்சிய கெஞ்சலைக் கேட்டால், எதிர்முனையில் மாவட்டக் கல்வி அதிகாரி இருக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவரிடம்கூட டீச்சர் இப்படிக் குழைந்தது கிடையாது. பேசியது வீட்டில் மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம். பின்னால் மகன் பொம்மை மேளத்தை டம் டம் என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"சரிங்க மேடம்" என்றாள் அக்கா. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. டீச்சருக்கும் நின்று பேச என்றைக்கும் நேரம் இருந்ததில்லை.

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது, கால் கடுத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் மதிப்பெண்ணில் இருக்கும் இடைவெளியைக் குறைத்தே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்து, போன மாதம் தொடங்கிய வகுப்பு. உத்தரவு போட்ட புண்ணியவான்கள் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

"இன்னும் கிளம்பலையா?" என்று தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

"கணக்குப்புலி இன்னிக்கும் வரலை சார். வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

"அப்போ பேரை எடுத்துடுங்க டீச்சர். அந்த இடத்துக்கு நாளைக்கு வேற பிள்ளை வருது. அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு கடைசி செக்‌ஷனுக்குத்தான் போவா. நாம என்ன பண்றது?"

"நான் கணக்கை போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள விடை சொல்ற பொண்ணு சார் அது!"

"சொன்னா மட்டும் ஆச்சா? பெத்தவங்களுக்கு அக்கறை வேணும். நாம தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்?"

டீச்சருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளியின் பின்தெருவுக்கு நடந்தாள்.

மாடியில் ஒற்றை அறை. இடுப்பில் தங்கச்சிப் பாப்பாவோடு கதவைத் திறந்த கணக்குப்புலி, டீச்சரைக் கண்டதும் வெலவெலத்துப் போனாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே கணக்குப் புத்தகம் விரித்துக் கிடந்தது.

"ஏம்மா, சாயங்கால வகுப்பு பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும் டீச்சர். ஆனா பாப்பாவை யாரு பாத்துக்கிறது? முன்னெல்லாம் அம்மா வேலை முடிஞ்சு சீக்கிரம் வந்துடுவாங்க. இப்ப ஒரு மாசமா தினமும் லேட்டு. வேலை செய்யற இடத்துல இதோ அதோன்னு இழுத்தடிக்கிறாங்களாம்."

"முடியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"அம்மாவுக்கு மாட்டேன்னு சொல்ல வராது டீச்சர்."

அதுவரை டீச்சரைப் பிடித்து அழுத்திய அசதியெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறியது. இத்தனை நாளும் பெற்றவளையல்லவா மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்!

"அடுத்தவங்க பிள்ளை படிப்பைக் கெடுத்துட்டு அப்படி என்ன வேலை வேண்டிக்கிடக்கு அவங்களுக்கு? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்? உங்கம்மா நம்பரைச் சொல்லு."

"வேண்டாம் டீச்சர். அம்மாவுக்கு வேலை போயிடும்."

"போகாது. நான் பாத்துக்கறேன். உங்கம்மாகிட்ட சொல்லி, ஃபோனை அவங்க முதலாளிகிட்ட குடுக்கச் சொல்றேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு இன்னிக்கு சோறு இறங்கும்."

பெண் தயங்கித் தயங்கி எண்களைச் சொன்னாள். அதற்குள் பாப்பா எட்டி டீச்சரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. கண்ணாடி இல்லாமல் செல்போன் திரை வெறும் மங்கல்தான். பெண் சொன்ன எண்களை விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டுக் காதில் வைத்தாள் டீச்சர். கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்டது டம் டம் என்று மேளச் சத்தம். அதன் பிறகுதான் குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம். இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமா?"